உப்பு அரசன் காத்திருக்கிறான்

கதவு திறந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் திறக்கும் என்று கோகிலவாணி எதிர்பார்க்கவே இல்லை. வாசல் காவலன் பத்துத் தடவையாவது தன்னைக் கொன்று கிடத்தாமல் வழிவிட மாட்டான், அதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிவிடும் என்று நினைத்திருந்தாள். டீ இன்னும் சுடுகிறது, காவலன் டிவித் திரையில் மல்லாந்து கிடக்கிறான். முதல் முயற்சியிலேயே! வாய்விட்டுச் சிரிக்கப் போனவள், அடுப்படியில் புருஷன் இருப்பது நினைவுக்கு வர, உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயசு. தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்கேன் சென்டரில் போய் நின்று, யார் யார் வயிற்றிலோ ஜெல் தடவுகிற கை. அந்தக் கைதான் இப்போது ஆறடி வாள்காரனைச் சாய்த்திருக்கிறது. டேய் தம்பி, பார்த்தாயா என்று யாரையோ கேட்டாள். யாரையோ என்ன, அவனைத்தான். பெயர் தெரியாது, முகம் தெரியாது. போன மார்கழியில் அவள் எழுதிய வீடியோ கேம் விமர்சனத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி போட்டுவிட்டுப் போன பயல். ‘அக்காவுக்கு கை ஸ்லோ ஆயிருச்சு, வேற ஆள போடுங்க.’ எட்டு மாசம் ஆகிறது. சோறு பிசையும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போது, ஸ்கேன் எந்திரத்தின் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்த வரி வந்து பல்லிடுக்கில் நார் மாதிரி சிக்கிக்கொள்ளும். துப்பினாலும் போகாது. இன்றைக்குப் போயிற்று. காவலனோடு சேர்ந்து மல்லாந்தது அதுவும். மணி பதினொன்று நாற்பது.

ஒரு மணிக்குத்தான் பூட்டு திறக்கும். வெளிநாட்டுக் கம்பெனி போட்ட பூட்டு அது. கடைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னால், இந்தத் தேதி, இந்த நேரம், அதற்கு முன் ஒரு வார்த்தை வெளியே கசியக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஆட்டத்தை அனுப்புவார்கள். உலகம் முழுக்க விமர்சகர்கள் ஒரு மணி எப்போது அடிக்கும் என்று இந்த நிமிஷம் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு, கோயமுத்தூர் கணபதியில், துணி காயப்போட்ட பால்கனிக்கு இந்தப் பக்கம், கோகிலவாணியும். இதுவரை எந்தக் கம்பெனியும் அவளுக்கு முன்கூட்டியே ஆட்டத்தை அனுப்பியதில்லை. கடையில் வந்தபிறகு வாங்கி, ஆடி, ஊரே பேசி ஓய்ந்தபிறகு எழுதுவாள். கல்யாணம் முடிந்து பந்தி எடுத்தபிறகு போய் மொய் வைப்பது போல. இந்த முறைதான் முதல் பந்தி. சென்னையிலிருந்து ஃபாரூக், அவள் எழுதுகிற இணைய இதழின் ஆசிரியர், காலையிலிருந்து மூன்று குரல் செய்தி அனுப்பிவிட்டான். “அக்கா, ஒண்ணுன்னா கரெக்டா ஒண்ணு. தமிழ்ல நம்மதான் ஃபர்ஸ்ட். தப்பு மட்டும் இருக்கக் கூடாதுக்கா, அப்புறம் அடுத்தது அனுப்ப மாட்டாங்க.” தப்பாவது ஒன்றாவது! மாடிக்கு மாடி தாவுகிற ஆட்டமும், ரோபோக்கள் குண்டு போடுகிற ஆட்டமும் போன வாரம் கடைக்கு வந்தவை, இரண்டையும் எழுதி முடித்தாயிற்று. ஒன்று பரவாயில்லை, ஒன்று வெறும் வாணவேடிக்கை. மூன்றாவதுதான் இது. ‘சால்ட் கிங்’ என்று பெயர். எந்த ஆட்டத்துக்கும் தமிழில் ஒரு பெயர் வைக்காமல் அவளுக்கு எழுத வராது. உப்பு அரசன் என்று வைத்திருக்கிறாள். வறண்ட கடல், உப்புப் பாளங்கள், அதன் நடுவில் ஒரு கோட்டை, கோட்டைக்குள் அரசன். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனை வீழ்த்த வேண்டும், மதிப்பெண் போட வேண்டும், அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். உள்ளங்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு லீவா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டான் சென்னியப்பன். காதில் மாட்டிய ஹெட்போனை ஒரு பக்கம் தள்ளி, “ஆமாங்க, காலையிலயே சொன்னனே” என்றாள். “செரி செரி. சும்மா கேட்டேன்.” இதோடு மூன்றாவது தடவை. ஆறு மணிக்கு ஒரு தடவை, குளித்துவிட்டு வந்து ஒரு தடவை, இப்போது. அவனுக்கு மத்தியானம் மூன்று மணிக்குத்தான் ஷிப்டு. காலையில் வீடு அவனுடையது, சமையல் அவனுடையது. இவள் வீட்டில் இருந்தால் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால்கனிக்குப் போகிறான், வருகிறான், டிவியைப் பார்க்காத மாதிரி பார்க்கிறான், போகிறான். பார்க்கப் பிடிக்காமல்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பம்ப்-செட் கம்பெனியில் மில்லிங் மெஷின் அவனுடைய வலது கட்டைவிரலின் நரம்பை அறுத்துவிட்டுப் போனது. விரல் இருக்கிறது, மடங்காது. குச்சி மாதிரி நிற்கும். அதுவரை இந்த வீட்டில் ஆடினது அவன், எழுதினது அவள். அவன் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எதிரிகளை அடித்துக்கொண்டே, “அம்மிணி, எழுதிக்க, இவன் அடிக்கறதுக்கு முன்னால தோள அசைக்கறான்” என்பான், அவள் எழுதிக்கொள்வாள். இணைய இதழில் அவள் எழுதுகிற பத்திக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். ‘கட்டைவிரல்’. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, பெயரை மாற்றிவிடட்டுமா என்று அவள் கேட்கத் தயங்கித் தயங்கி, கேட்காமலே விட்டுவிட்டாள். அவனே வேறொன்று சொன்னான். “இனி அதத் தொடமாட்டேன் வாணி. எனக்கு முன்னால சத்தம் போட்டு ஆடாத.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அன்றிலிருந்து ஹெட்போன்தான். ஒன்றரை வருஷமாக இந்தக் கூடத்தில் வாள்கள் ஊமையாகத்தான் மோதுகின்றன. அவள் வாய்விட்டு ஒரு ஐயோ சொல்வதில்லை, ஜெயித்தால் கூவுவதில்லை. இப்போதுகூட, பார், எவ்வளவு பெரிய ஜெயம்! குக்கர் ஒரு விசில் அடித்தது. அரிசிம்பருப்பு சாதம் போல, பூண்டு வாசனை வந்தது.

அரசனைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டுரையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பை மடியில் இழுத்தாள். பயம்தான், வேறொன்றுமில்லை, கதவு திறந்திருக்கும்போது உள்ளே போகாமல் சேலை மடிப்பைச் சரிசெய்கிற பயம். எழுதியிருந்தது நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் காரமாகவே இருந்தது. ‘முதல் நாலு மணி நேரம் நம்மைக் கதறவிடுகிற இந்த ஆட்டம், அதன்பிறகு ஏனோ சாய்ந்துவிடுகிறது. எதிரிகள் வாளை ஓங்கிவிட்டு, அடிப்பதற்கு முன் நம் சௌகரியத்தைக் கேட்டு நிற்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரே, அடிக்கலாமா?’ இந்த வரியை எழுதிவிட்டு நேற்று அவளே சிரித்தாள். ‘கை தேர்ந்தவர்களுக்கு இது போதாது. பத்துக்கு ஐந்து.’ கை தேர்ந்தவர்கள் என்று எழுதியபோது விரல் கொஞ்சம் துள்ளியது நிஜம். ஐந்து போட்டால் கம்பெனிக்காரன் முகம் சுருங்குவான், சுருங்கட்டும், முதல் பந்தியில் உட்கார வைத்தான் என்பதற்காக உப்பில்லாததை உப்பென்று சொல்ல முடியுமா. இதற்குக் கீழே இன்னும் ஒரு வரிதான் பாக்கி. ‘விளையாடிய நேரம்’. அவள் பத்தியின் வழக்கம் அது. எத்தனை மணி நேரம் ஆடிவிட்டு இந்தப் பேச்சுப் பேசுகிறேன் என்று வாசகனுக்குச் சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் சென்டர் பழக்கத்தில், எப்போது ஆரம்பித்தேன் எப்போது முடித்தேன் என்று ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பாள். கூட்டிப் பார்த்தாள். பத்தொன்பது மணி நேரம். சரிபார்க்க, ஆட்டத்தை நிறுத்தி, அதன் முகப்புக்குப் போனாள். மொத்த நேரம் என்று அங்கே ஒரு எண் இருக்கும். முப்பத்தொன்று.

முப்பத்தொன்று என்று உதடு அசைத்துப் படித்தாள். நோட்டை மறுபடி கூட்டினாள். பத்தொன்பதுதான். பன்னிரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது? ஆடிவிட்டு அணைக்காமல் போயிருப்பேனோ, நின்ற ஆட்டம் நேரத்தைத் தின்றிருக்குமோ. இல்லை, தினமும் வேலைக்குப் போகும் முன் அணைத்துவிட்டுத்தானே போகிறேன், கேம் எந்திரத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுத்தானே செருப்பு மாட்டுகிறேன். தூக்கத்தில் ஆடினேனா? எண் தப்பாயிருந்தால் வேறு என்னவெல்லாம் தப்பாயிருக்கும் என்று ஒரு பயம் வந்தது. அமைப்புகளுக்குப் போனாள். ஒலி, ஒளி, மொழி, எல்லாம் வைத்தது வைத்தபடி. ‘உதவிகள்’ என்று ஒரு பக்கம் உண்டு. கை கண் சரியில்லாதவர்களும் ஆடட்டும் என்று இப்போது எல்லா ஆட்டத்திலும் வைக்கிறார்கள். முதல் நாளே அவள் அதில் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தாள். திறந்தாள். ‘எதிரி காத்திருத்தல்: முழு அளவு.’ எழுத்து பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது, காது சூடானது. எதிரிகள் சாயவில்லை. அவள் கை வேகமாகவில்லை. காவலன் நின்றது, சௌகரியம் கேட்டது, எல்லாம் இந்தப் பச்சை எழுத்தால். பச்சைக் குழந்தைக்குத் தட்டைச் சாய்த்துப் பிடிப்பது போல ஆட்டம் அவளுக்காகச் சாய்த்துப் பிடித்திருக்கிறது, அவளோ அதற்கு ஐந்து மதிப்பெண் போட்டு, கை தேர்ந்தவர்களுக்குப் போதாது என்று வேறு... ஐயோ. அக்காவுக்கு கை ஸ்லோ ஆயிருச்சு. நார் திரும்ப வந்து அதே பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது. இது மட்டும் ஒரு மணிக்கு வெளியே போயிருந்தால், சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்திருக்கும். ஃபாரூக்கின் முகத்தில் எப்படி முழிப்பது, அடுத்த ஆட்டத்தை எந்தக் கம்பெனி அனுப்பும், கட்டைவிரல் பத்தியை இழுத்து மூட வேண்டியதுதான். மணி பன்னிரண்டு பத்து. யார் போட்டது இதை? வியாழக்கிழமை கம்பெனிக்காரன் ஒரு திருத்தம் அனுப்பினானே, அதுவா, அதுவே போட்டிருக்குமா, போடாதே. யாராவது கையால் தேர்ந்தெடுத்தால்தான் மாறும். யாராவது என்றால்?

ஆட்டம் சேமித்த இடங்களின் பட்டியலைத் திறந்தாள். முதலாவது அவளுடையது. அவள் வீரனுக்கு அவள் வைத்த பெயர், அரசன் வாசல், இன்று பதினொன்று நாற்பது. அதற்குக் கீழே இரண்டாவது ஒன்று இருந்தது. அரசன் வாசல். நேற்று காலை பதினொன்று நாற்பத்தெட்டு. பன்னிரண்டு மணி நேரம். பெயர்: பம்பு. கோகிலவாணியின் கை வாய்க்குப் போயிற்று. பம்பு! கல்யாணமான புதிதில், முதன்முதலாக வாங்கிய பழைய எந்திரத்தில், வீரனுக்குப் பெயர் வை என்று திரை கேட்டபோது, “நம்ம பொழப்பே பம்புதான அம்மிணி” என்று சென்னியப்பன் தட்டிய பெயர். அன்றிலிருந்து எந்த ஆட்டத்திலும் அவன் வீரன் பம்புதான். மந்திரவாதி பம்பு, விண்வெளி பம்பு, குதிரையேறிய பம்பு. ஒன்றரை வருஷமாகச் செத்துக் கிடந்த பம்பு நேற்று காலை பதினொன்று நாற்பத்தெட்டுக்கு உப்பு அரசன் வாசலில் நின்றிருக்கிறான். அவளுக்கு முன்னாலேயே! பத்தொன்பது மணி நேரத்தில் அவள் வந்த இடத்துக்குப் பன்னிரண்டில் வந்திருக்கிறான், ஒரு விரல் மடங்காமல். நெஞ்சு அடித்த அடியில் லேப்டாப் ஆடியது. எத்தனை முறை செத்தான் என்று கீழே போட்டிருந்தது: இருநூற்றுப் பதினாறு. இருநூற்றுப் பதினாறு தடவை விழுந்து எழுந்திருக்கிறான், இவள் யாரோ ஒருத்தியின் குடலை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தபோது, இந்த சோபாவில், அடுப்பில் சோறு வேக வேக. இன்னிக்கு லீவா, இன்னிக்கு லீவா. அடப்பாவி மனுசா! சலிப்பு என்று நினைத்தேனே, வருத்தம் என்று நினைத்தேனே. அது அரசனை அடிக்கப் போக முடியவில்லையே என்ற அரிப்பு. எந்திரம் காலியாகுமா என்று பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்த நடை. சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் வந்தன. அப்புறம் அந்த ரப்பர் வாஷர். நாலு நாள் முன்னால் சோபா இடுக்கில் கிடைத்த கறுப்பு வளையம். “கம்பெனிச் சாமானெல்லாம் வீட்டுல போட்டு வெக்காதீங்க, வீடா பட்டறையா” என்று அவள் சத்தம் போட, அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அதைத் தையல் மெஷின் டிராயரில் எறிந்தாள். கன்ட்ரோலரின் வலது குச்சியின் தலையில் மாட்டிப் பார்த்தால் சரியாக உட்காரும் அளவு. உட்காரும். கட்டைவிரல் மடங்காவிட்டால் என்ன, விரல் கணுவாலேயே தள்ளலாம். பம்பு மெக்கானிக் மூளை.

கேட்கலாமா? ஏனுங்க, நீங்க ஆடறீங்களா என்று போய்க் கேட்டால் என்ன ஆகும்? ஒளித்து வைத்ததை ஒளித்து வைத்திருக்கிறான் என்றால் காரணம் இருக்கும். தோற்பதை அவள் பார்க்க வேண்டாம் என்று இருக்கும். கேட்டால் ஒரு செரி சொல்லிவிட்டு இனிமேல் தொடாமலே போனாலும் போவான். அவனை அவளுக்குத் தெரியும். கேட்காமல் இருக்கவும் முடியாது போலிருந்தது, கால் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. முதலில் வேலை. காத்திருத்தலை அணைத்தாள். கதவுக்குள் போனாள். அரசன் எழுந்தான், அவள் கேடயத்தைத் தூக்குவதற்குள் அடித்தான், அவள் செத்தாள். அம்மாடி! மறுபடி போனாள், மறுபடி செத்தாள். என்ன வேகம், என்ன அழகு. உப்புப் பாளம் வெடித்துச் சிதறுகிறது, அவன் ஈட்டியைச் சுழற்றுவதற்கும் இறக்குவதற்கும் நடுவில் கண் சிமிட்டத்தான் நேரம் இருக்கிறது. இதுவா சாய்ந்த ஆட்டம்? இதற்கா ஐந்து? மூன்றாவது சாவில் சந்தோஷத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை ஸ்லோதான் தம்பி, ஸ்லோ ஆகட்டுமே, இந்த மாதிரி ஒருவனிடம் தோற்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நாலாவது, ஐந்தாவது, ஏழாவது. காதில் அரசனின் கர்ஜனை. அவள் காதில் மட்டும். அப்போதுதான் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்தாள். ஹெட்போனின் வயர் அதன் அடியில் சொருகியிருந்தது. ஒன்றரை வருஷமாகச் சொருகியே இருந்தது. அவனுக்காக என்று நினைத்துத்தான் சொருகினாள். நேற்று காலை அவன் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் ஆடியிருப்பான், ஊர் அதிர ஆடியிருப்பான், அவள் வருவதற்குள் மறுபடி மாட்டி வைத்திருப்பான். பிடித்து இழுத்தாள். வயர் வந்துவிட்டது. உப்பு அரசனின் கர்ஜனை டிவியிலிருந்து கூடம் முழுக்கப் பாய்ந்தது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. அரசன் ஈட்டியை எடுத்தான், ஒன்று, தடுத்தாள், இரண்டு, தடுத்தாள், மூன்று, கேடயம் பிளந்தது, வலது பக்கம் ஓடக் குச்சியைத் தள்ளப் போனாள்.

“எடப்பக்கம்! எடப்பக்கம் உருளு அம்மிணி! வலப்பக்கம் போனீன்னா தரைக்குள்ளருந்து ஈட்டி வரும்!”

இடது பக்கம் உருண்டாள். வலது பக்கத்தில், அவள் போயிருக்க வேண்டிய இடத்தில், தரையைப் பிளந்துகொண்டு ஈட்டி வந்தது. உலகத்தில் இன்னும் யாருக்கும் விற்காத ஆட்டம். அதை ஆடியவனுக்கு மட்டுமே தெரிந்த ஈட்டி. சென்னியப்பன் கூடத்து நிலையில், கையில் கரண்டியோடு, வாயைத் திறந்தபடி நின்றான். கரண்டியிலிருந்து பருப்பு தரையில் சொட்டியது. அரசன் அந்த நேரம் பார்த்து அவளைக் கொன்றான்.

“அது வந்து...” என்றான்.

“இருநூத்திப் பதினாறு தடவை செத்தீங்களாமா?”

அவன் தலையைக் குனியப் போனான். அவள் விடவில்லை. ஓடிப்போய் தையல் மெஷின் டிராயரை இழுத்து, நூல்கண்டு எல்லாம் சிதற, கறுப்பு வாஷரை எடுத்து வந்து அவனுக்கு முன்னால் நீட்டினாள். “இது எப்படிங்க மாட்டறது? சொல்லித் தாங்க.”

அவன் வாஷரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கரண்டியை டீப்பாய்மேல் வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்து, வாங்கினான். “உள்பக்கத்த மேல வெச்சு அழுத்தோணும்” என்றான். “இல்லீன்னா வழுக்கும்.” சோபாவில் உட்கார்ந்தான். கன்ட்ரோலரைத் தொடைமேல் சாய்த்து வைத்து, இடது கையை அதன்மேல் நண்டு மாதிரி விரித்து, மடங்காத விரலைத் தூக்கிப் பிடித்து, அதன் கணுவை வாஷர்மேல் பதித்தான். இப்படித்தானா! இத்தனை நாளும் இப்படித்தானா! “காத்திருக்கறத மறுபடி போட்டுர்றேனுங்க” என்றாள். “போடு” என்றான், கூச்சமே இல்லாமல். “அவன் கொஞ்சம் நின்னான்னா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன். நீ எழுதிக்க.”

மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று. லேப்டாப்பை இழுத்தாள். சாய்ந்துவிடுகிறது என்ற பத்தியை முழுக்க அழித்தாள், மாப்பிள்ளை வீட்டார் வரி போனபோது மட்டும் ஒரு நொடி வலித்தது. ‘எதிரி காத்திருக்கும் வசதி போட்டிருந்தது தெரியாமல், என் கை வேகம் என்று நம்பி ஆடினேன், தப்பு என்னுடையது’ என்று முதல் வரியாகவே எழுதினாள். தம்பி, நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள். ‘காத்திருக்கவும் தெரிந்த அரசன் இவன், காத்திருக்காமல் கொல்லவும் தெரிந்தவன். இரண்டும் ஒரே ஆட்டத்தில், ஒரே சோபாவில்.’ பத்துக்கு ஒன்பது. பக்கத்தில் சென்னியப்பன் தோளை ஆட்டி ஆட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, “வாடா, வாடா மவனே” என்று கூவிக்கொண்டிருந்தான். குக்கர் விசில் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. ஃபாரூக்கின் செய்தி வந்து போன் அதிர்ந்தது. கடைசி வரி பாக்கி. நோட்டிலிருந்த பத்தொன்பதைக் கோடு போட்டு அடித்தாள். விளையாடிய நேரம்: முப்பத்தொரு மணி.

“எழுதுனது போதும் அம்மிணி” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இங்க பாரு, இங்க பாரு, விழப்போறான்!”